வலப்பக்கத்து இருக்கை

அருந்தவனுக்குப் பொறாமை புதிய வியாதி இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரன் கொப்பிக்கு உறை போட்ட அழகைப் பார்த்தே வயிறு எரிந்தவன் அவன். இருந்தாலும், ஐம்பத்தைந்து வயதில், தலைமயிர் பாதி விடைபெற்றுப் போன பிறகு, வேட்டைக் காணி விசயத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக்காரன் மேல் பொறாமை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சைவச் சாப்பாட்டுக்காரனின் பெயர் வெங்கட்ராமன். திருச்சிக்காரன். கம்பியூட்டரில் ஏதோ வேலை. என்ன வேலை என்று அவன் பொறுமையாக விளங்கப்படுத்திய ஒவ்வொரு முறையும் அருந்தவன் விளங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். போன வருடம் சிறியின் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவன், வந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "வணக்கம்ணா" என்று சொல்லி, சிறியையே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அருந்தவன் விசயத்தை அப்படித்தான் விளங்கி வைத்திருந்தான்.

சிறி அவனுடைய கூட்டாளி. புலம்பெயர்ந்து வந்து சேர்ந்த டண்டினொங்கில் ஒரே கிடங்கில், ஒரே ஷிஃப்டில், சாமான் தூக்கி அடுக்கும் ஃபோக்லிஃப்ட் ஓடியவர்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது மற்ற ஆட்கள் இரண்டாவது வீடு வாங்கினார்கள். இவர்கள் இருவரும் கிப்ஸ்லாந்து மலைப்பக்கத்தில் வேட்டைக் காணி ஒன்றைப் பாதிப் பாதியாக வாங்கினார்கள். ஒரு ஓடை, இரண்டு மலைச்சரிவு, ஒரு தகரக் கொட்டில், அங்கங்கே மரை மான்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் சுட்ட மரைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிட்டு, மிச்ச விரலால் மூக்கும் சொறியலாம். காரணம் துவக்கு இல்லை, அருந்தவனின் வாய். அவன் இரகசியம் பேசினால் அடுத்த மலையில் நிற்கும் மரை கதையின் முடிவையும் கேட்டுவிட்டுத்தான் ஓடும். சிறி அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. பகிடிகளைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவான். அருந்தவனுக்கு வேட்டை என்பது அதுதான்.

போன வருடம் சிறியின் இடது முழங்காலை மாற்றினார்கள். இனி மலை ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். காணியை விற்க இருவருக்கும் மனமில்லை. கடைசியில், கோல்ஃப் மைதானங்களில் வயதான வெள்ளைக்காரர்கள் உருட்டிக்கொண்டு திரியும் கூரை போட்ட சின்ன வண்டி இருக்கிறதே, கோல்ஃப் பகி, அதில் ஒன்றை வாங்கிக் காணியில் விடுவது என்று முடிவாயிற்று. பற்றறி வண்டியா, பெற்றோல் வண்டியா என்பதுதான் மிச்சக் கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சிறியின் குசினி மேசையில் கூட்டம் நடந்தது. அருந்தவன் உள்ளே போனபோது வெங்கட் ஏற்கெனவே தேத்தண்ணியோடு இருந்தான்.

"எலக்ட்ரிக்தாண்ணா பெஸ்ட்," என்றான் அவன். "சத்தமே இருக்காது. பெட்ரோல் வாடையும் வராது. மான் கிட்டப் போனாலும் ஓடாது. எனக்கும் பறவை படம் எடுக்க சௌகரியம்."

அருந்தவனுக்கு நெஞ்சு பற்றியது. இதே வார்த்தைகளை அவன் போன கிழமைதான் தன் மனைவி ரஞ்சினியிடம் சொல்லியிருந்தான். பற்றறி ஃபோக்லிஃப்டோடு பாதி ஆயுளைக் கழித்தவன். இதைச் சொல்லவேண்டியவன் அவன். வரும் வழியில் சிக்னலில் நின்ற நேரத்துக்குள் இந்த மனிதன் அதைச் சொல்லி முடித்துவிட்டான். இனி அருந்தவனும் அதையே சொன்னால் வெங்கட்டுக்குத் தலையாட்டியது போல ஆகிவிடும். ஆகவே, கதிரையில் இருப்பதற்கு முன்னரே அவன் பெற்றோலின் சட்டத்தரணி ஆனான்.

"மலையிலை பற்றறி செத்தால் என்ன செய்யிறது? மரத்திலை செருகிறதோ?"

நல்ல பகிடி என்றுதான் அவன் நினைத்தான். சிறி சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கதிரையை வெங்கட் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவனுடைய வாயையே பார்த்தபடி இருந்தான். அருந்தவன் சிறிக்கு இடப்பக்கத்தில், சுவரோடு சுவராக, நேர்முகத்துக்கு வந்து பெயர் கூப்பிடப்படாதவன் போல இருந்தான்.

"பெற்றோல் எண்டால் ஒரு கான் கொண்டுபோனால் காணும்," என்று அவன் விடாமல் சொன்னான். "ஏற்றத்திலை இழுவையும் கூட."

"என்னண்டாய்?" என்று இப்போதுதான் சிறி திரும்பினான்.

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறப்போகுது எண்டனான்."

வீட்டுக்கு வந்து ரஞ்சினியிடம் முழுவதையும் கொட்டினான். சிறி இப்போதெல்லாம் அருந்தவனின் யூட்டில், பின்பக்கம் திறந்த அந்தச் சாமான் வண்டியில், ஏறுவதில்லை, வெங்கட்டின் பற்றறிக் காரில்தான் எங்கேயும் போகிறான். கிழமைக்கு ஒருநாள் வெங்கட் வீட்டுக்குப் போய்க் குந்திவிடுகிறான். வெங்கட்டின் மனைவி வைதேகி, ஏதோ கிளினிக்கில் வேலை செய்கிறவள், அவனுக்கு ஃபில்டர் கோப்பி போட்டுக் கொடுக்கிறாளாம். தொலைபேசியில் கதைத்தால் "ம்ம், ம்ம்" என்கிறான். நடந்து போகும்போது கூட இடம் மாறி மாறி வருகிறான்.

ரஞ்சினி வெங்காயம் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. உங்களுக்கு இப்ப சக்களத்தி வந்திட்டாளோ?"

"விசர்க்கதை கதையாதையும்."

"இல்லை, அழுகிறியள் போலக் கிடக்கு."

"அது உம்மடை வெங்காயம்."

"நான் ஒருநாள் அக்கா வீட்டிலை நிண்டிட்டு வந்தால் எங்கை போனனீர் எண்டு கேக்காத மனுசன்," என்று அவள் வெங்காயத்தைத் தாச்சியில் தட்டினாள். "சிறியண்ணை பக்கத்து வீட்டிலை கோப்பி குடிச்சதுக்குக் கண் சிவந்து நிக்கிறார்."

முடிவு சொன்னவன் சிறிதான். இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை வாடகைக்கு எடுப்பது, ஒரு சனி ஞாயிறு காணியில் ஓடிப் பார்ப்பது, நல்லதை வாங்குவது. இரண்டுமே இரண்டு பேர் இருக்கும் பகிகள். போகிறவர்கள் மூன்று பேர். இந்தக் கணக்கை நினைத்து அருந்தவன் ஒரு கிழமை சரியாக நித்திரை கொள்ளவில்லை.

அது யூன் மாதம்; உலகின் இந்தத் தென்பாதியில் அப்போதுதான் குளிர்காலம். கொட்டில் வாசலில் வண்டிகளை இறக்கியதும் அருந்தவன் நேரே போய்ப் பெற்றோல் பகியில் ஏறிக் குந்தினான். பழைய வண்டி. நின்றாலும் உறுமிக்கொண்டேயிருக்கும். பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டுச் சிறியைப் பார்த்தான்.

"நீ இதுக்கு வாவன் மச்சான்," என்றான் சிறி, பற்றறிப் பகியைக் காட்டி.

"நான் இதிலைதான் வருவன். விருப்பமெண்டால் நீ இதிலை ஏறு."

சிறி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு பற்றறிப் பகியின் ஸ்டியரிங்கைப் பிடித்து ஏறினான். வெங்கட் அவனுக்கு வலப்பக்கத்து இருக்கையில், கமராவை மடியில் வைத்துக்கொண்டு, அமர்ந்தான். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல், கல்யாண வீட்டில் சொல்லாமல் எழும்பிப் போகிறவர்கள் மாதிரி, மரங்களுக்குள் நழுவி மறைந்தது.

வெறுமையாகிப்போன பக்கத்து இருக்கையில், ரஞ்சினி கொடுத்துவிட்ட ரைஸ் குக்கரை அருந்தவன் தூக்கி வைத்தான். விழுந்துவிடக்கூடாது என்று அதற்குக் கயிறு போட்டுக் கட்டினான். அன்று முழுக்க அதனோடுதான் கதைத்தான். அதுவும் சிரிக்கவில்லை.

பின்னேரம் இருவரும் திரும்பி வந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கொம்பன் மரை நின்றதாம். கல்லெறி தூரம்தானாம். வெங்கட் அதைப் படம் எடுத்திருந்தான். சிறி சுட மறந்து பார்த்துக்கொண்டே நின்றானாம்.

"சுடுறதுக்குக் கொண்டுபோன ஆளைப் பாக்க வச்சிட்டான்," என்று அருந்தவன் முணுமுணுத்தான். "நாளைக்கு மரைக்குப் பேரும் வைப்பாங்கள்."

வெங்கட் பற்றறிப் பகியை ஜெனரேற்றரில் செருகிவிட்டு, கமராவைத் துடைக்கப் போனான். சமையல் அருந்தவனின் பொறுப்பு. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் காட்டில் பாணும் ரின் மீனும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். நம்மவர்களுக்கு எந்த மலையின் உச்சியில் இருந்தாலும் பொழுதுபட்டால் சோறு வேண்டும். அருந்தவன் ரைஸ் குக்கரின் பிளக்கையும் அதே ஜெனரேற்றரில் குத்தினான். ஜெனரேற்றர் திக்கி, இருமி, நின்றுவிட்டது. அந்தச் சின்ன இயந்திரத்துக்கு இரண்டையும் இழுக்கச் சக்தியில்லை. அவன் பகியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஜெனரேற்றரைத் திரும்ப முடுக்கிச் சோறு போட்டான்.

இதுவரையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சோறு வெந்தது. வெங்கட்டின் பருப்புக்கறியோடும் ரஞ்சினியின் கத்தரிக்காய்ப் பொரியலோடும் மூவரும் சாப்பிட்டார்கள். பிளக்கைத் திரும்பக் குத்துவது ஒன்றுதான் மிச்சம். அருந்தவன் மறந்தான். மறந்தானா, மறதி வந்தபோது கதவைத் திறந்துவிட்டானா என்று கேட்டால், அவனுக்கே திட்டமாகத் தெரியாது.

ஆனால் காலையில் செய்தது திட்டமாகத் தெரிந்தே செய்தது.

"அண்ணா, மீட்டர் பாதிதான் காட்டுது," என்று வெங்கட் வந்து நின்றான். "சார்ஜ் ஏறலையோ?"

அருந்தவன் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தான். அதில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை.

"குளிருக்கு அப்பிடித்தான் காட்டும். ஓட ஓடச் சரிவரும்."

ஃபோக்லிஃப்ட் மனுசர் சொல்கிறார் என்று வெங்கட் நம்பினான். "தாங்க்ஸ்ணா," என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றி அருந்தவனின் தொண்டையில் மீன்முள் போல மத்தியானம்வரை கிடந்தது.

மத்தியானம் தாண்டி வோக்கி-டோக்கி கரகரத்தது. சிறியின் குரல்.

"அருந்தவன், வண்டி நிண்டிட்டுது. ஓடைக்கு அங்காலை, ரெண்டாம் சரிவிலை."

"வாறன், வாறன்," என்றான் அருந்தவன். அவன் பெற்றோல் பகியை எடுத்துக்கொண்டு புறப்பட்ட வேகத்தைப் பார்த்தால் யாரும் அவனைக் கூட்டாளிமேல் உயிரையே வைத்தவன் என்று சொல்லியிருப்பார்கள். உண்மையில் அவன் வழிநெடுக வசனம் பாடமாக்கிக்கொண்டு போனான். 'இப்ப மரத்திலை செருகிப் பாருங்கோவன்' என்பது முதலாவது. 'கமராவிலை பற்றறி இருந்தால் அதைப் போட்டுப் பாக்கேல்லையோ' என்பது அடுத்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம் திருத்தப்பட்டு இன்னும் கூர்மையானது.

கடைசி வளைவு திரும்பியதும் அவன் சிறியைக் கண்டான். விழுந்து கிடந்த மரம் ஒன்றில், இடது காலை நீட்டியபடி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தான். வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறான். முழங்காலைச் சுற்றி வெங்கட்டின் தடித்த ஜக்கெற் கட்டியிருந்தது. வெங்கட் மெல்லிய பனியனோடு, கையைக் கட்டிக்கொண்டு, நடுங்கியபடி வண்டிப் பக்கம் நின்றான்.

அந்த ஜக்கெற்றைப் பார்த்தும் அருந்தவனுக்குப் பொறாமை வந்தது. நான் போர்த்திவிட்டிருக்க வேண்டிய முழங்கால் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதற்குப் பின்னாலேயே, அதை நோகச் செய்தவனும் நான்தானே என்று அடுத்த நினைப்பு வந்து முதலாவதைப் பிடரியில் போட்டது.

பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. எஞ்சின் பின்னால் உறுமிக்கொண்டிருக்க, அவன் போய்ச் சிறியின் இடப்பக்கத்தில் மரத்தில் இருந்தான்.

"மச்சான்," என்றான். "பிளக்கைக் கழட்டினது நான்தான். சோத்துக்காகக் கழட்டினனான். ஆனால் திரும்பக் குத்தேல்லை. காலமை அவனுக்குப் பொய்யும் சொன்னனான்."

சிறி ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ இவனோடை திரியிறது எனக்குப் பொறுக்கேல்லையடா. சின்னப்பிள்ளை வேலைதான். ஏசன், ஏதாவது சொல்லன்."

சிறி கையை உரசி ஊதிக்கொண்டான். அவ்வளவுதான்.

சிறி கோபக்காரன் இல்லை. அவன் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். இது முடிந்துபோன மௌனம். இத்தனை வருடச் சினேகிதத்தை ஒரு ரைஸ் குக்கருக்குள் போட்டு அவித்துவிட்டேன் என்று நினைத்தபோது அருந்தவனுக்குக் கண் கலங்கியது. இந்தமுறை வெங்காயம் ஒன்றும் பக்கத்தில் இல்லை.

வெங்கட் பின்பக்கமாகச் சுற்றி வந்து அவன் தோளருகே குனிந்தான்.

"அண்ணா, அந்தப் பக்கம் உக்காந்து சொன்னா அவருக்குக் கேக்காது."

"என்ன?"

"லெஃப்ட் காது அவருக்கு ரொம்பப் போயிடுச்சு, ரைட்டும் முன்ன மாதிரி இல்ல. துப்பாக்கிச் சத்தத்துல போனதுன்னு வைதேகி சொல்றா. அவ காது டெஸ்ட் பண்ற வேலைதானே. வாரா வாரம் அதுக்குத்தான் எங்க வீட்டுக்கு வர்றார்." அவன் அருந்தவனின் முகத்தைப் பார்த்துத் தடுமாறினான். "உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

குசினி மேசை, சுவரோரக் கதிரை, தொலைபேசியின் "ம்ம், ம்ம்", நடக்கும்போது மாறி மாறி வந்த இடம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அருந்தவனின் முன்னால் நின்றன.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுதுண்ணா," என்றான் வெங்கட், இன்னும் தாழ்ந்த குரலில். "எனக்கு ரெண்டு காதும் நல்லாருக்கு. ஆனா ஞாபகசக்தி கொஞ்சம் கம்மி. மறந்துடுவேன்."

மரை தின்னாத மனிதனிடம் அருந்தவன் முழுதாக மாட்டிக்கொண்டான். இனி இவனை வெறுப்பதும் கஷ்டம்.

எழும்பிப் போய்ப் பெற்றோல் வண்டியின் எஞ்சினை நிறுத்தினான். மலை சட்டென்று அமைதியாயிற்று. தன் மேல்சட்டையைக் கழற்றி வெங்கட்டிடம் நீட்டிவிட்டு, சிறியின் வலப்பக்கத்தில் வந்திருந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னான். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்கிற காதுக்குச் சொல்கிறான் அல்லவா.

சிறி முழுவதும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காலைத் தடவினான்.

"சோறாவது குழையாமல் வந்தது," என்றான்.

"ஏசடா."

"ஏசுவன். முதல் கால் நோ போகட்டும்."

"காது விசயத்தை ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கோ?" சிறி முதல்முறையாக முழுதாகத் திரும்பி அவனைப் பார்த்தான். "எங்களோடை கிடங்கிலை வேலை செய்த பாஸ்கர் பல்லுச்செற் போட்ட கதையை நீ எத்தினை கலியாண வீட்டிலை சொன்னனீ? ஒரு செத்தவீட்டு அந்தியேட்டியிலையும் சொன்னனீ. ஐயர் மந்திரத்தை விட்டிட்டுச் சிரிச்சவர்."

அது நல்ல கதைதான். ஆனால் பாஸ்கர் அதற்குப் பிறகு அவனோடு கதைப்பதில்லை.

"உன்ரை யூட்டிலை டீசல் சத்தம்," என்றான் சிறி. "நீ சொல்லுறது ஒண்டும் விளங்காது. சும்மா தலையாட்டிக்கொண்டு வருவன். பிழையான இடத்திலை சிரிச்சுப்போடுவனோ எண்டு பயம். இவன்ரை காரிலை ஏறினபோதுதான் கண்டன், சத்தமில்லாத வண்டி எண்டால் பக்கத்திலை இருக்கிறவன் கதைக்கிறது கேக்குமெண்டு. அதுதான் பற்றறி எண்டு நிண்டனான். பகியிலை ஸ்டியரிங் இடப்பக்கம். நான் ஓடினால் நீ எனக்கு வலப்பக்கம் வருவாய். நல்ல காதுப்பக்கம்."

"அப்ப நேற்று ஏன் அவனை ஏத்தினனீ?"

"உன்னைத்தானே முதல் கேட்டனான். நீ போய் ரைஸ் குக்கரோடை குந்தினனீ."

அருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். பற்றறிதான் நல்லது என்று அவனுக்கு முதலே தெரியும். அது தனக்காகத்தான் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. தன்னுடைய கதை கேட்பதற்காக வாங்க நினைத்த வண்டியை எதிர்த்து அவன் இவ்வளவு நாளும் வழக்காடியிருக்கிறான்.

வெயில் சரியத் தொடங்கியது. யூட்டிலிருந்து கொண்டுவந்த நீளக் கயிற்றால் பற்றறிப் பகியைப் பெற்றோல் பகியின் பின்னால் கட்டினார்கள். அருந்தவன் இருக்கைக்குக் கீழே இருந்த சுவிட்சை இழுவைக்கு மாற்றினான். இழுபடும் வண்டிக்கும் ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். கால் நீட்டி இருக்க அதில்தான் இடம் இருந்தது. சிறி அதில் ஏறினான். பெற்றோல் வண்டிப் பக்கம் அருந்தவன் காலெடுத்து வைத்தபோது வெங்கட் முந்திக்கொண்டான்.

"இத நான் ஓட்டறேன்ணா. நீங்க அவரோட வாங்க."

"உமக்கு ஓடத் தெரியுமோ?"

"ஓட ஓடச் சரிவரும்ணா," என்றான் வெங்கட். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அருந்தவனுக்குக் காது சூடாயிற்று. இவனும் பகிடிக்காரன்தான்; இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை.

அப்படியாக, பற்றறிக்குப் பேசிய மனிதன் பெற்றோல் வண்டியில் உறுமிக்கொண்டு முன்னால் போக, பெற்றோலுக்கு வழக்காடிய மனிதன் செத்துப்போன பற்றறி வண்டியில், சிறியின் வலப்பக்கத்து இருக்கையில், கயிற்றின் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தான். கயிறு நல்ல நீளம். எஞ்சின் சத்தம் தூரத்தில்தான் கேட்டது. இருவருக்கும் நடுவே அமைதி இருந்தது. அருந்தவன் அதை வீணாக்கவில்லை. ரைஸ் குக்கருக்கு நேற்றுச் சொன்ன பகிடிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தான். சிறி சரியான இடங்களில் சிரித்தான். ஓரிடத்தில் பற்றைக்குள் ஏதோ பெரிதாக உடைத்துக்கொண்டு ஓடியது. மரையாகத்தான் இருக்கும். இருவரும் துவக்கைத் தேடவில்லை.

"பற்றறியே வாங்குவம்," என்றான் அருந்தவன், ஓடையைக் கடந்ததும்.

"உனக்கு ஏற்றத்திலை இழுவை வேணுமெல்லே?"

"ஏறேக்கை நான் இறங்கித் தள்ளுறன்."

சிறி முன்னால் போகிற வண்டியைப் பார்த்தான். அருந்தவனின் மேல்சட்டை வெங்கட்டுக்குக் கொஞ்சம் பெரிது. இருந்தாலும் வளைவுகளை நிதானமாகத்தான் எடுத்தான். அருந்தவனைவிட நன்றாக ஓடினான் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொண்டபோது அருந்தவனின் நெஞ்சில் பழைய இடத்தில் இலேசாக ஒரு எரிவு எழும்பியது.

"நாலு சீற் உள்ளதாப் பாத்து எடுப்பமே?" என்றான் சிறி. "அவனும் வரட்டும். நல்ல பிள்ளை."

வாடகைக்கு எடுத்த கடையில் பார்த்த நாலு இருக்கைப் பகியை அருந்தவன் மனதுக்குள் கொண்டுவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் இரண்டு.

"பின் சீற் ரெண்டும் பின்பக்கம் பாத்தமாதிரித்தானே இருக்கும்?" என்று கேட்டான்.

"ஓம். வந்த வழியைப் பாத்தபடி."

"அப்ப அவனுக்கு அது நல்லது," என்றான் அருந்தவன். "அந்தப் பக்கத்திலைதான் பறவையளும் கூட நிக்கும்."